கதவுக்கு வெளியே ஒன்பது நிமிஷம்

எங்கள் வீட்டுச் சமையலறையில், காலண்டர் மாட்டும் ஆணியில், ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில் சூளை எரியும்போது மணிக்கு மணி சூட்டைக் குறித்து வைக்கிற தாள் அது. இடது பக்கம் நேரம், நடுவில் டிகிரி, வலது பக்கம் கையெழுத்து. டிகிரி என்று அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, அதற்கு மேலே 'அழுகை, நிமிஷம்' என்று எழுதியிருந்தார். ஐந்து மாதக் குழந்தைக்கு. எங்கள் ஒரே பெண்ணுக்கு.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை, இப்போதும் வரவில்லை. மனிதரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். குழந்தைக்குத் துணி மாற்றுவார், எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஆனால் எதையும் அட்டவணை போட்டுத்தான் செய்வார். விருத்தாசலத்தில் பன்னிரண்டு வருஷமாக ஊறுகாய் ஜாடியும் கிண்ணமும் சுட்டுச் சுட்டு, உலகத்தில் எல்லாமே தாளில் எழுதின நேரத்துக்கு நடந்தால் உருப்படியாக வெளியே வரும் என்று மனசில் பதிந்துவிட்டது. பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட்டு. அதனால் பகலில் வீட்டில் இருப்பார். அதுதான் வினையாகப் போயிற்று.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் மட்டும் யோக்கியம் மாதிரி ஆகிவிடும். பெண்ணாடத்தில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பேறுகால லீவு கோடை விடுமுறையோடு முடிகிறது. தலைமையாசிரியை ஃபோன் பண்ணி, "ஸ்கூலு தொறக்குற அன்னிக்கு நீங்க வந்துருவீங்கள்ல? இல்லன்னா வேற ஆளப் போட்டுருவோம், அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்று தேன் தடவிச் சொல்லிவிட்டார். மாமியார் இல்லை. என் அம்மா மங்களூரில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு கட்டிலில் கிடக்கிறார். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணியிடம் போய்க் கேட்டோம். "எட்டுப் புள்ளைங்கள ஒருத்தியா பாக்குறேம்மா. தானா தூங்குற புள்ளைன்னா கொண்டாங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் எங்கள் பெண் தானாகத் தூங்குகிற ரகமில்லை. புடவையில் கட்டிய ஏணையில் போட்டு ஆட்டினால் தூங்குவாள், தோளில் போட்டால் தூங்குவாள். என் ரவிக்கையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் உடனே தூங்குவாள். ஐந்து மாதக் குழந்தை வேறென்ன செய்யும்?

ஆனால் ஊரே அதை ஒரு வியாதியாகச் சொன்னது. மருந்துக்கடையில் டயப்பர் வாங்கப் போனால் கடைக்காரர், "தூக்கியே வச்சிருந்தா கை பழகிடும்மா" என்றார். ஆட்டோக்காரர் அதையே சொன்னார். மாடி வீட்டில் கல்யாணமே ஆகாத ஒரு பெண்ணும் சொன்னது. பெற்ற பிள்ளைக்கு அம்மாவின் கை பழகாமல் வேறு யார் கை பழக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வாய் நமநமவென்று இருக்கும். பிரசவித்தவள் கத்தினால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்களே, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன்.

இந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார், கணவரின் தங்கை, கம்பி வைத்த மரத்தொட்டில் ஒன்றைப் பார்சலில் அனுப்பினாள். கூடவே வாட்ஸப்பில் ஒரு திட்டம். அவள் பையன் இந்தத் திட்டத்தில்தான் தனியறையில் தூங்கப் பழகினானாம். "அண்ணி, நீங்க கொஞ்சம் மனச கல்லாக்கிக்கணும். அவ்ளோதான். ரெண்டே வாரம்" என்று மூன்று நிமிஷத்துக்குக் குரல் செய்தி. திட்டம் இதுதான்: பால் கொடுத்து, தொட்டிலில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அழுதால் முதல் நாள் ஐந்து நிமிஷம் கழித்துத்தான் உள்ளே போகலாம். போனாலும் தூக்கக் கூடாது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அடுத்தடுத்த நாள் ஏழு, பத்து என்று நீட்டிக்கொண்டே போக வேண்டும்.

என் கணவருக்கு இது பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருக்குமா? நேரம் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, சாத்துவதற்குக் கதவும் இருக்கிறது. "எங்க சூளையிலயும் இதேதான். எரிஞ்சு முடிஞ்சு, உள்ள ஆறுற வரைக்கும் கதவத் தொறக்கக் கூடாது. ஆர்வக் கோளாறுல ஒருத்தன் பாதியில தொறந்தான், குளிர்காத்து பட்டு அத்தனையும் விரிஞ்சு போச்சு. பொறுத்தா முழுசா வரும்" என்றார். நான், "ஏங்க, அது மண்ணுங்க" என்றேன். "உனக்கு வேலைக்குப் போவணுமா வேணாமா?" என்று கேட்டார். போக வேண்டும். பி.எட். முடித்து ஆறு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. அதனால் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியது நான்தான், வேறு யாருமில்லை.

அந்த வாரம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு அக்காவையும் வரச் சொல்லியிருந்தோம். கணவரின் கம்பெனியில் ஜாடிகளுக்கு மேல்பூச்சு முக்கும் வேலையில் இருந்தவர்கள். தூசு ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். குழந்தையை வீட்டோடு பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதற்காகக் கூப்பிட்டோம். இவர் திட்டத்தையும் எழுதி வைத்திருந்த அந்தச் சுவர்த் தாளைக் கையில் எடுத்து, வரி வரியாக அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். அந்த அக்கா என் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்கள்.

"தம்பி, அழுதா நான் தூக்குவேன். தூக்கக் கூடாதுன்னா வேற ஆளப் பாருங்க" என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இவங்க வந்தா புள்ளையக் கெடுத்துருவாங்க" என்றார் இவர். எனக்கு அந்த அக்காவின் பின்னாலேயே தெருவில் ஓட வேண்டும் போல இருந்தது.

முதல் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பித்தோம். குழந்தை அழுதாள் என்று எழுதினால் ஒன்றுமே சொன்னதாகாது. முதலில் கூப்பிட்டாள். 'எங்கே போனாய்' என்கிற மாதிரி ஒரு குரல். பிறகு கோபம். பிறகு பயம். நான் ஹாலில் பாயில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பால் சுரந்து ரவிக்கை முழுக்க நனைந்தது. உடம்புக்குத் திட்டம் தெரியாது அல்லவா? அது தன் பாட்டுக்குப் பாலை இறக்கிக்கொண்டிருந்தது. இவர் ஃபோனைப் பார்த்தபடி நின்று, ஐந்து நிமிஷம் ஆனதும் உள்ளே போய் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்து, தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். யாருக்குக் காட்ட அந்தக் கையெழுத்து? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாவது நாள் அழுகை நாற்பது நிமிஷம் ஓடியது. அன்று நான் தட்டை விட்டெறிந்தேன். எவர்சில்வர் தட்டு, ஒன்றும் ஆகவில்லை. "உங்க தங்கச்சிக்கு ஃபோன் போட்டுக் குடுங்க, நாலு கேள்வி கேக்கணும்" என்றேன். "நீ பாதியில தொறந்தா இத்தினி நாள் அழுததும் வீணாப் போயிடும்" என்றார். இந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கட்டிப்போட்டது. இவ்வளவு அழவிட்ட பிறகு அது வீண் என்று எப்படி ஒத்துக்கொள்வது? அதனால் இன்னும் அழவிட்டோம். இதைவிட முட்டாள்தனம் உலகத்தில் உண்டா?

ஆறாவது நாள் அவள் அழவில்லை. கதவைச் சாத்தினோம், சத்தமே இல்லை. இவர் தாளில் பெரிதாகப் பூஜ்யம் போட்டு வட்டமிட்டு, அதைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டார். நாத்தனார் பன்னிரண்டு கைதட்டு அனுப்பினாள். நான் ஜன்னல் பக்கமாகப் போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். அவள் தூங்கவில்லை. மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலை அசைந்தும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஏங்க, முழிச்சிட்டுதான் இருக்குது. கூப்புடுறத நிறுத்திட்டா, அவ்ளோதான்" என்றேன்.

"உனக்கு எதுலயாச்சும் திருப்தி வருமா?" என்றார்.

இப்போது கிண்ணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு செகண்ட்ஸ் இருக்கும். மூடி பொருந்தாத ஜாடி, கோணல் கிண்ணம், ஓரம் சுருங்கிய பீங்கான் தட்டு என்று கம்பெனி கழித்துப் போட்டதெல்லாம் எங்கள் அலமாரிகளில்தான் வாழும். கோடையில் எறும்பு அதிகம். தொட்டில் வந்த அன்றே இவர் நாலு வெள்ளைக் கிண்ணம் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றி, தொட்டிலின் நாலு காலையும் அதில் இறக்கி வைத்தார். நல்ல யோசனைதான். காலையும் மாலையும் நான் தண்ணீரைப் பார்த்து நிரப்புவேன். நடுவில் பார்க்க முடியாது. அறை அமைதியாக இருக்க வேண்டும், சும்மா சும்மா கதவைத் திறக்கக் கூடாது என்று அதுவும் திட்டத்தில் இருந்தது.

ஒன்பதாவது நாள் மத்தியானம். கதவைச் சாத்திக் கொஞ்ச நேரத்தில் அழுகை வெடித்தது. மூன்று நாளாக அழாத குழந்தை. எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் இருந்தது. கூப்பிடுகிற குரலும் இல்லை, கோபமும் இல்லை. மூச்சு எடுப்பதற்குக்கூட இடைவெளி விடாத ஒரு வீறல்.

"இது வேற அழுகைங்க" என்றேன்.

"ரெண்டாவது வாரம் ஒரு தடவ திரும்ப அழும்னு போட்டுருக்குது. அப்பதான் உறுதியா இருக்கணுமாம். பத்து நிமிஷம்" என்றார்.

தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். ஏழாவது நிமிஷம் ஃபோனைப் பார்த்தேன். "இன்னும் மூணுதான்" என்றார். நான் நின்றேன். பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஆம், அதைத்தான் நினைத்தேன். அவரைத் திட்டும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே விதித்திருக்கிறேன். தாழ்ப்பாள் என் கையில் இருந்தது. யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. எட்டாவது நிமிஷமும் நின்றேன். ஒன்பதாவது நிமிஷம் அவள் குரல் உடைந்து கமறியது. எதையும் யோசிக்காமல் கதவைத் திறந்தேன்.

சிவப்பு எறும்பு. கழுத்து மடிப்பில், பால் வழிந்து ஒட்டியிருந்த இடத்தில், கொத்தாக. காதுக்குப் பின்னால், அக்குளில், முழங்கால் மடிப்பில். தொட்டிலின் ஒரு காலில் கோடு போட்ட மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் காலுக்கு அடியிலிருந்த கிண்ணம் காய்ந்து கிடந்தது. நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுப் பெண் இறங்கி ஓடிவந்தது. குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இவர் டவலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் வயதானவர், பொறுமையாகப் பார்த்தார். "பயப்படாதீங்க, வீக்கம் எறங்கிடும். கடிக்க ஆரம்பிச்சு எவ்ளோ நேரத்துல பாத்தீங்க?"

"ஒன்பது நிமிஷம் சார்" என்றார் இவர்.

மருந்து எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். "அது எப்படி அவ்ளோ கரெக்டா சொல்றீங்க?"

நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் அந்தக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்துவிட்டு, விரல் முட்டியால் தட்டினார். கம்பெனியில் இவருக்குப் பெயரே அதில்தான். ஒரு பீங்கானைத் தட்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூடக் காதாலேயே சொல்லிவிடுவார். நல்லது கணீரென்று கேட்கும். விரிந்தது மொத்தென்று கேட்கும். கிண்ணம் மொத்தென்றது. அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அதன் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறங்கிவிட்டிருந்தது.

நான் அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "ஒரு கிண்ணத்தத் தட்டுனா உள்ள என்னா கோளாறுன்னு சொல்லத் தெரியுது. பெத்த புள்ள ஒன்பது நிமிஷம் தொண்ட கிழியக் கத்துது, அதுல ஒண்ணும் தெரியல? எனக்குத் தெரிஞ்சுதுங்க. சொன்னேன். சொல்லிட்டு நானும் நின்னேன் பாருங்க, என்னைய எதால அடிக்கிறது?"

அவர் கிண்ணத்தை இன்னொரு தரம் தட்டினார். பிறகு அதைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டு உடைத்தார். சுவரிலிருந்த தாள் எப்போது காணாமல் போனது என்று நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அவர் மட்டும் போய் அந்த அக்காவைக் கூட்டிவந்தார். வருகிற வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அந்த அக்கா குழந்தையின் கழுத்தைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் வரேன் தம்பி. அந்தக் கதவக் கழட்டிருங்க" என்றார்கள்.

அன்றே இவர் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கீல் கீலாகக் கழற்றி, கதவைக் கொல்லைப்புறச் சுவரில் சாய்த்து வைத்தார். இன்னமும் அங்கேதான் இருக்கிறது. துணி காயப்போட வசதியாக இருக்கிறது.

இதோடு சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வீக்கம் நாலு நாளில் வடிந்தது. பழைய கொக்கியில் ஏணையைக் கட்டினோம். தூக்கினோம், தோளில் போட்டோம், ரவிக்கை ஓரத்தைக் கையில் கொடுத்தோம். ஆனால் தூங்கி எழுந்தால் அவள் கூப்பிடுவதில்லை. சத்தமே போடாமல் கண்ணைத் திறந்துகொண்டு ஏணைக்குள் கிடப்பாள். நாங்களாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. பசிக்கும், ஈரமாக இருக்கும், கூப்பிட மாட்டாள். குளியலறைத் தாழ்ப்பாள் 'டக்' என்றால் மட்டும் உடம்பு தூக்கிப்போடும். அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் யாரும் எந்தக் கதவையும் சாத்தவில்லை. எந்தக் கதவையும் என்றால் எந்தக் கதவையும்தான். இதை நினைத்து இப்போது லேசாகச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

நாத்தனார் கூப்பிட்டு, "எறும்பு வந்ததுக்குத் திட்டம் என்ன பண்ணும் அண்ணி?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஃபோனை வாங்கி, "எறும்ப விடு. அவ கத்துனா, நாங்க போவல. நீ வையி" என்று சொல்லிவிட்டார். அவர் தங்கையிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

எனக்கு ஒரே பயம்தான். திங்கட்கிழமை நான் போய்விடுவேன். ஐந்து மாதக் குழந்தைக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்குப் பதில் வராது என்று ஒன்பது நாளில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டோம். டீச்சர் அல்லவா நான், நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை மறக்க வைப்பதற்கு எந்தத் திட்டத்தில் வழி போட்டிருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவிடம், "அழலன்னாலும் போய்ப் பாத்துக்கிட்டே இருங்கக்கா" என்று பத்துத் தடவை சொன்னேன். "நான் வேற எங்க டீச்சர் போவப் போறேன்" என்றார்கள்.

திங்கட்கிழமை பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் திருடி மாதிரி கிளம்பினேன். பெண்ணாடம் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. பஸ்ஸை இன்னும் எடுக்கவில்லை. மனசு கேட்காமல் ஃபோன் போட்டேன். "தூங்குது டீச்சர், நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முதலில் சின்னதாக. பிறகு நன்றாக, தொண்டையைத் திறந்து. கோபமும் இல்லை, பயமும் இல்லை. எங்கே போனாய் என்று கேட்கிற அந்தப் பழைய குரல்.

"இதோ வந்துட்டேன்டி என் தங்கம்" என்று அக்கா ஃபோனை எங்கேயோ போட்டுவிட்டு ஓடுவது கேட்டது. கொலுசு சத்தம் தூரமாகப் போயிற்று. அழுகை நின்றது.

என்னால் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். பக்கத்தில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பதறிப்போய் என் தோளைத் தொட்டார்கள்.

"என்னாம்மா, ஃபோனுல எதுனா கெட்ட சேதியா?"

"இல்லம்மா. எங்க பாப்பா அழுதுச்சு" என்றேன். "உடனே தூக்கிட்டாங்க."